தண்ணீரில் கிடந்த மஞ்சள் வளையங்கள்

எங்கள் குசினி அலுமாரியின் மேல்தட்டில், புளிப்பானைக்கும் உப்புச்சாடிக்கும் நடுவில், அகன்ற வாயுள்ள ஒரு கண்ணாடிப் போத்தல் பல வருடங்கள் குந்திக்கொண்டிருந்தது. உள்ளே தண்ணீர். தண்ணீருக்குள் இரண்டு மஞ்சள் வளையங்கள், உள்ளங்கை அகலத்தில், ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "என்ன, அன்னாசி ஊறப் போட்டிருக்கிறீங்களோ?" என்று கேட்பார்கள். "ஓம், ஒரு துண்டு கடிச்சுப் பாருங்கோ" என்பேன். அந்தப் போத்தலைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மல்லித்தூள் வைக்க இடமில்லாத குசினியில் அதற்கு மட்டும் ராசமரியாதை. பிள்ளைகள் தொட்டால் ஏச்சு, நான் தூசு தட்டினால் ஏச்சு. ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், "உங்களுக்கு நானோ அந்தப் போத்தலோ?" என்று கேட்டேன். "நீர் விழுந்தால் உடையமாட்டீர், அது உடையும்" என்றார் மனுசன்.

இவர் திருகோணமலைத் துறைமுகத்தில் ஓர் இழுவைக் கப்பலுக்கு இஞ்சின் ட்ரைவர். கணவரைப் பெயர் சொல்லி எனக்குப் பழக்கமில்லை; எழுதும்போதும் கை வரவில்லை, ஆகவே இவர் என்றே எழுதுகிறேன். பெரிய கப்பல்களை இழுத்தும் தள்ளியும் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கிற அந்தச் சின்னக் கப்பலைத் துறைமுகத்தில் எல்லோரும் ‘ரக்’ என்பார்கள். இவர் கீழே இயந்திர அறையில். மேலே சுக்கான் பிடிப்பவர் கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் மனிதர், இவரைவிடச் சில வயது மூத்தவர், எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அவர் நானா; முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள். மேலேயிருந்து நானா மணியடிப்பார், கீழே இவர் வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார், நிறுத்துவார். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாமல் நாள் முழுவதும் மணியாலேயே கதைத்துக்கொண்ட இரண்டு பேர், வேலை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்து வாயாலும் கதைப்பார்கள். அப்படி என்னதான் கதையோ! நானா தேத்தண்ணி குடித்துவிட்டுக் கடைசிப் பாதையைப் பிடிக்க ஓடுவார். குடாவைக் கடக்கிற மிதவையைத்தான் எங்கள் பக்கத்தில் பாதை என்போம்.

அந்த ரக்கின் சுக்கான் எண்ணெய் அழுத்தத்தில் இயங்குவது. ஓர் உருளைக்குள் இரும்புத் தண்டு போய்வரும். தண்டைச் சுற்றி எண்ணெய் கசியாமல் இறுக்கிப் பிடித்திருப்பது சீல் என்கிற வளையம். சீல் போனால் எண்ணெய் போகும், எண்ணெய் போனால் நானா எவ்வளவு திருப்பினாலும் சுக்கான் திரும்பாது. முன்பு போட்டதெல்லாம் கறுப்பு இறப்பர். கடல் உப்பும், துறைமுகத்தில் ஏற்றுகிற கனிய மணலின் தூசும் தண்டில் ஒட்டிக்கொண்டு அந்த இறப்பரை அடுத்த மாரிக்கு முன்னமே அரைத்துத் தின்றுவிடும். பிறகு ஒருமுறை, சுக்கானைத் திருத்துவதற்கென்று வந்த வெளிநாட்டு மெக்கானிக் ஒருவர் மஞ்சள் நிறத்தில் ஒரு சோடி போட்டார். பொலியூரித்தேன் என்று அதற்குப் பெயராம். அவர் அரத்தை எடுத்துக் கறுப்பு இறப்பரில் இழுத்துக் காட்ட, அது தூளாகக் கொட்டியதாம். மஞ்சளில் இழுக்க, அரம் வழுக்கிக்கொண்டு போனதாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்த மனுசன் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார், வாயில் வைக்கவில்லை. "இறப்பர் மாதிரி வளையுதப்பா, இரும்பு மாதிரி உழைக்கும்போல கிடக்கு" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு விளங்கியது பாதி, விளங்காதது பாதி. ஆனால் அந்தச் சந்தோசம் விளங்கியது.

மெக்கானிக் போகும்போது இன்னொரு சோடியை மாற்றுச் சாமானாக விட்டுப்போனார். வெளிநாட்டுச் சாமான் எதுவும் உள்ளே வராத காலம் அது. சவர அலகுக்கே அலைந்தோம். இன்னுமொரு சோடி இனிமேல் கிடைக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். களஞ்சிய அறையில் தகரக் கூரையின் வெக்கை, போதாததற்கு எலி. "உன்ர வீட்டிலயே பத்திரமா வைச்சிரு" என்று வேலைத்தலத்தை மேற்பார்க்கிற போர்மன் இவரிடம் ஒப்படைத்துவிட்டார். ஒரு பின்னேரம் போத்தலும் தண்ணீருமாகவே வீட்டுக்குள் வந்து ஏறினார் இவர்.

தண்ணீர் எதற்கு என்று நான் கேட்கவில்லை. துறைமுகத்தில் யாருமே கேட்டிருக்கமாட்டார்கள். வெள்ளைக்காரரின் கடற்படைக் காலத்திலிருந்தே இறப்பர் என்றால் தண்ணீரில்தான் வைப்பது. வேலைத்தலத்தின் நிழலில் ஒரு பீப்பா நிறையத் தண்ணீர் நிற்கும், அதற்குள் வாசர்களும் குழாய்த் துண்டுகளும் கிடக்கும். வெளியே கிடந்தால் காற்றுப் பட்டு வெடித்துப்போகும், தண்ணீருக்குள் கிடந்தால் மெதுமெதுவென்று இருக்கும். வீட்டிலும் இவர் வெள்ளிக்கிழமை தோறும் குளித்துவிட்டு வந்து, மூடியால் போத்தலின் வாயை மறித்துப் பழைய தண்ணீரை ஊற்றிவிட்டு, கிணற்றில் புதுத் தண்ணீர் அள்ளி நிரப்புவார். வளையங்களில் கை படக்கூடாது, கை வியர்வை ஆகாது என்பது அவருடைய கட்டுப்பாடு. போகப்போக ஊற்றுகிற தண்ணீர் சற்றுக் கலங்கலாகப் போனது. "ஊத்தை கழண்டு போகுது" என்றார் திருப்தியோடு. ஐயோ, என்ர ராசா.

ரக்கில் பூட்டிய சோடி வருடக் கணக்காக உழைத்தது. கறுப்பு இறப்பர் என்ற ஒன்று இருந்ததையே மறந்துவிட்டார்கள். அதுவும் ஒரு நாள் தேய்ந்தது. எண்ணெய் சொட்டத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்துக் கொழும்பிலிருந்து கப்பல் பரிசோதகர் வருகிறார் என்று சேதி வந்தது. ரக் ஏற்கெனவே கிழடு. சுக்கானும் சரியில்லை என்று கண்டால் கழித்துவிடுவார்கள். நானாவுக்குக் கலக்கம் பிடித்துவிட்டது, அவருக்குச் சுக்கானைத் தவிர வேறு வேலை தெரியாது. இவர் சிரித்தார். "நானா, என்னத்துக்குப் பயப்படுறீங்கள்? வீட்டில புதுச்சோடி கிடக்கு" என்றார்.

பரிசோதகர் வருகிற நாளுக்கு முதல்நாள் காலை, இவர் கைகழுவித் துடைத்துவிட்டு வந்து போத்தலை இறக்கினார். நான் பக்கத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். தண்ணீரை வடித்துவிட்டு மேல் வளையத்தை இரண்டு விரலால் தூக்கினார். தூக்கிய இடம் மட்டும் விரலோடு வந்தது. மிச்சம் உள்ளேயே கிடந்தது. இவர் விரலைப் பார்த்தார். பிறகு போத்தலைச் சாப்பாட்டுக் கோப்பையில் கவிழ்த்தார். தேத்தண்ணியில் ஊறிய பிஸ்கற் மாதிரி, மஞ்சளாக, பிசுபிசுவென்று விழுந்தது. இவர் அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கூட்டிச் சேர்த்து வட்டமாக்கப் பார்த்தார். "நான் என்னத்தைப் பிழையாச் செய்தனான்?" என்று என்னிடம் கேட்டார். எனக்கென்ன தெரியும்? தேங்காய்ப்பாதியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

வேலைத்தலத்தில் கறுப்பு இறப்பரில் ஏதோ வெட்டிப் பூட்டினார்கள். அடுத்தநாள் பரிசோதகர் ஏறி நிற்க, ரக் இறங்குதுறையிலிருந்து விலகித் திரும்புகிற நேரத்தில் அந்த இறப்பர் பிய்த்துக்கொண்டு போனது. நானா சுக்கானைத் திருப்பத் திருப்ப ரக் நேராகப் போய்க்கொண்டேயிருந்தது. நானா மணிக்கு மேல் மணியடிக்க, இவர் இயந்திரத்தைப் பின்னுக்குப் போட்டு, மதிலில் மோதாமல் மட்டும் தப்பினார்கள். பரிசோதகர் ஏதோ எழுதிக்கொண்டு இறங்கிப் போனாராம். கொஞ்ச நாளில் ரக்கைக் கட்டியிழுத்துக்கொண்டு போனார்கள். எத்தனை கப்பலை இழுத்த ரக், தன்னை இன்னொன்று இழுக்கப் போனது. இவருக்கு வேலைத்தலத்தில் ஓரிடம் கிடைத்தது. நானாவைத் துறைமுக வாசலில் காவலுக்குப் போட்டார்கள். கடலில் நின்ற மனுசன், வருகிற லொறிக்குக் கேற் திறந்துவிடுகிற வேலை.

பிறகுதான் கதை கிளம்பியது. நல்ல சோடியை இவர் மீன்பிடி முதலாளி ஒருவருக்கு விற்றுவிட்டு, ஏதோ மெழுகைப் போத்தலில் போட்டு வைத்திருந்தாராம். அரத்துக்கே மசியாத சாமான், ரக்கில் வருடக்கணக்காக அடிபட்ட சாமான், அலுமாரியில் சும்மா இருந்து கரையுமா? யார்தான் நம்புவார்கள்? எனக்கே அது நம்பக்கூடிய கதையாகத்தான் பட்டிருக்கும், நான் கண்ணால் கண்டிராவிட்டால். கண்டதைச் சொன்னேன், கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். மனுசனுக்குப் பெண்சாதி சாட்சி என்று சிரித்தார்கள். இவரோ வாயைத் திறக்கவில்லை. "ஏனப்பா பேசாமல் இருக்கிறீங்கள்? நாக்கு இல்லையோ?" என்று கத்துவேன். "என்னத்தைச் சொல்லுறது? எனக்கே காரணம் தெரியாது" என்பார்.

நானா கடைசியாக வந்த நாள் நினைவிருக்கிறது. உள்ளே வந்து வழக்கமான கதிரையின் விளிம்பில் இருந்தார். தேத்தண்ணி வேண்டாம் என்றார். "தம்பி, வித்தா வித்ததெண்டு சொல்லுங்க. வீட்டுக் கஷ்டம் எண்டா எனக்கு வெளங்கும். நான் ஒருத்தருக்கிட்டயும் சொல்லமாட்டன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சுகிற மாதிரிச் சொன்னார். இவர் எழுந்துபோய், எறியாமல் வைத்திருந்த அந்த மஞ்சள் கூழைக் கோப்பையோடு கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். "இதுதான் நானா." நானா குனிந்து பார்த்தார், விரலால் தொட்டும் பார்த்தார். "இது அந்தச் சாமான் இல்ல தம்பி" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார். பிறகு வரவேயில்லை. இவர் வேலைக்குப் போகும்போது வாசலில் நானா கேற்றைத் திறந்துவிடுவார், இவர் சைக்கிளில் உள்ளே போவார், இரண்டு பேரும் தலை நிமிர்வதில்லையாம். ஓய்வு பெறும்வரை அப்படியே போனது. களவெடுத்தவன் என்று ஊர் சொன்னதை இவர் தாங்கிக்கொண்டார். நானா நம்பினார் என்பதைத்தான் தாங்கவில்லை. படுக்கையில் கிடந்த கடைசிக் காலத்திலும், "அது எப்படியப்பா கரைஞ்சது?" என்று கூரையைப் பார்த்துக் கேட்பார். தெரியாமலே போய்ச் சேர்ந்தார்.

மகன் கட்டாரில் பம்ப் திருத்துகிற வேலை செய்கிறான். போன முறை லீவில் வந்தபோது, எங்கள் வீட்டுப் பம்புக்கென்று பொதிக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் வளையத்தை எடுத்தான். நான் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். "தம்பி, இதைத் தண்ணியில போட்டு வைச்சால் என்ன ஆகும்?" என்று கேட்டேன். அவன் சாதாரணமாகச் சொன்னான்: "இது தண்ணியைத் தாங்குற சாதியம்மா. ஆனால் முந்தி வந்த வேறொரு சாதி இருக்கு. அது எண்ணெயில கிடந்தால் எத்தனை வருசமும் கிடக்கும், தண்ணியில கிடந்தால் உள்ளுக்குள்ளயே அறுந்தறுந்து கூழாப் போயிடும். எங்கட ஊர் வெக்கைக்கு இன்னும் கெதியாப் போகும்." அவனுக்குப் போத்தல் நினைவில்லை, அது கரைந்த நேரம் அவன் கைக்குழந்தை. நான் எழுந்து குசினிக்குள் போய், அடுப்படியில் நின்று வாய்விட்டு அழுதேன். அவ்வளவு பார்த்துப் பார்த்து, வெள்ளிக்கிழமை தவறாமல், கிணற்றில் அள்ளி அள்ளி ஊற்றினாரே!

நானா இன்னும் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அவரைப் பார்க்கப் போகவேண்டாம் என்றான் மகன், நான் கேட்கவில்லை. இப்போது பாதை இல்லை, பாலம். பஸ் கண்மூடித் திறக்குமுன் கிண்ணியாவுக்குள் போய்விடுகிறது. ஏன் இவரை நம்பவில்லை என்று ஒரு வார்த்தை கேட்காமல் வரமாட்டேன் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். நானா முன் அறையில் கதிரையில் இருந்தார், ஒடுங்கிப்போய், கண் மங்கி. குரலில்தான் என்னை அடையாளம் கண்டார். "வாங்க தங்கச்சி" என்றார், நேற்றுப் பிரிந்ததுபோல. அவருடைய மகள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

மகன் சொன்னதை அப்படியே சொன்னேன். "இவர் விக்கேல்லை நானா. தண்ணிதான் அதைத் திண்டது" என்றேன். நானா காதை என் பக்கம் திருப்பினார். காது கேட்கவில்லையோ என்று நினைத்தேன்.

"தண்ணியா?" என்றார்.

"ஓம் நானா. எண்ணெயில இருந்திருந்தால் ஒண்டும் ஆகியிராதாம்."

"அந்த வெள்ளக்கார மெக்கானிக் அத எண்ணெய்த் தாள்ல சுத்தித்தான் குடுத்தவன்" என்றார் நானா. "தம்பியும் அப்பிடியே வெக்கப்போறன் எண்டுதான் நிண்டாரு. நான்தான் தங்கச்சி, ‘றப்பரத் தண்ணியில போடாம வெப்பாங்களா?’ எண்டு சண்ட புடிச்சன். தாளப் பிரிச்சது நான். போத்தலுக்குள்ள போட்டது என்ட கை."

கையைத் தூக்கி அந்த மங்கிய கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"தம்பி இல்லையே. இனி இத நான் ஆருக்கிட்டப் போய்ச் சொல்ற?"

கேட்கவேண்டும் என்று கொண்டுபோன ஒன்றும் எனக்கு வாயில் வரவில்லை. சொல்லாமலே விட்டிருக்கலாம், இந்த மனுசனாவது நிம்மதியாகக் கண்ணை மூடியிருப்பார் என்று பட்டது. சொன்னதைத் திரும்ப எடுக்க ஏலுமா? "தேத்தண்ணி ஆறுது நானா, குடியுங்கோ" என்றேன். நானா குடிக்கவில்லை. நான் அங்கேயே இருந்தேன்.