எனக்கு நானே எழுதிய நற்சான்று

காலை ஏழு நாற்பதுக்கு என் முகம் ஒரு ஸ்டிக்கராக வெளியே வருகிறது. பள்ளி அலுவலகத்து மேசையில் இருக்கும் சின்னத் திரைக்கு முன்னால் நின்றால், அது ஒரு படம் எடுத்து, பெயரையும் நேரத்தையும் சேர்த்துக் கறுப்பு வெள்ளையில் அச்சடித்துத் துப்புகிறது. அதைச் சட்டையில் ஒட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். படத்துக்குக் கீழே 'உதவியாளர்' என்று ஆங்கிலத்தில் இருக்கும். பதினொரு மணிக்கு மேல் ஓரம் சுருளும். மதியத்துக்குள் எங்காவது விழுந்துவிடும். விழுந்தது தெரியாமல் நடந்தால், ஆறாம் வகுப்புப் பிள்ளைகூட வழிமறித்து, "உங்கள் ஸ்டிக்கர் எங்கே?" என்று கேட்கும். ஊரில் பதினான்கு வருடம் தினமும் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்திருக்கிறேன். நீ யார், உள்ளே என்ன செய்கிறாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. அதை மரியாதை என்று நினைத்திருந்தேன்.

கோவில்பட்டிக்குக் கிழக்கே, எப்போதும்வென்றான் என்கிற ஊருக்குப் போகிற பக்கத்தில், அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். மனைவி ஜெயசீலி நர்ஸ். அவளுக்குக் கலிஃபோர்னியாவில் வேலை கிடைத்ததால் மூன்று வருடங்களுக்கு முன் இங்கே வந்தோம். என் பட்டமும் பி.எட்.டும் இங்கே வகுப்பறைக் கதவைத் திறக்காது. அதனால் லிண்டா என்கிற ஏழாம் வகுப்புக் கணக்கு ஆசிரியைக்கு உதவியாளராக இருக்கிறேன். பென்சில் சீவுவேன், விடைத்தாள் அடுக்குவேன், பின்தங்கிய பிள்ளைகள் பக்கத்தில் உட்காருவேன். ஆசிரியராக வேண்டுமென்றால் 'டீச்சிங் கிரெடென்ஷியல்' என்கிற உரிமம் வாங்க வேண்டும். முதுகலைப் படிப்பும் அதுவும் சேர்ந்த ஒரு படிப்பு இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. விண்ணப்பித்தேன். எனக்கு வயது நாற்பத்தாறு. இடம் கிடைத்தால் மறுபடியும் வாத்தியார். கிடைக்காவிட்டால் கடைசிவரை ஸ்டிக்கர்.

விண்ணப்பத்துக்கு என்னவெல்லாம் வேண்டும் என்று டைரியில் ஒரு பக்கம் ஒதுக்கிக் குறித்துக்கொண்டேன். கைரேகை கொடுத்தாயிற்று, காசநோய்ப் பரிசோதனை ஆயிற்று, மதிப்பெண் பட்டியல்கள் உறை பிரியாமல் போய்ச் சேர்ந்தன. நோக்க அறிக்கை என்று ஒன்று எழுத வேண்டியிருந்தது. அதை எப்படி எழுதுவது என்று சொல்லித்தர ஒரு கூட்டம் நடத்தினார்கள். சிரித்த முகத்தோடு ஓர் அம்மாள், "உங்கள் கஷ்டங்களைச் சொல்லுங்கள், எங்களுக்கு உங்கள் கதை வேண்டும்" என்றார். இங்கிருக்கும் நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுவிலோ, ஏற்கெனவே தேர்வான ஓர் அறிக்கை சுற்றிக்கொண்டிருந்தது. 'மழை பொய்த்த கிராமத்தில் பிறந்தேன்' என்று தொடங்கி, மண்ணெண்ணெய் விளக்கில் படித்ததில் முடியும். எழுதியவர் கோயம்புத்தூரில் மாடி வீட்டில் வளர்ந்தவர். பெயரை மட்டும் மாற்றி ஏழெட்டுப் பேர் அனுப்பியிருக்கிறார்கள். படித்தபோது வாயில் எச்சில் ஊறியது, குமட்டலுக்கு முன்னால் ஊறுமே, அந்த எச்சில். என் அறிக்கையை நானே எழுதினேன். பாடம், வகுப்பு, வருடம் என்று வறட்டுத்தனமாக இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று அனுப்பினேன். மற்றவர்களைவிட நான் சுத்தம் என்கிற நினைப்பு ஒரு வாரம் நீடித்தது.

பிறகு பரிந்துரைக் கடிதங்கள். இரண்டு வேண்டும். ஒன்று, முன்பு வேலை பார்த்த இடத்தின் தலைமையாசிரியரிடமிருந்து. இன்னொன்று, இப்போது என் வேலையைப் பார்க்கிறவரிடமிருந்து. விண்ணப்பத்தில் ஒரு கட்டம்: 'உங்களைப் பற்றி எழுதப்படும் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா?' என்னைப் பற்றி எழுதுவதை நான் பார்க்காமல் இருப்பதா? அந்தக் கேள்வியே விசித்திரமாகப் பட்டது. ஆம் என்று குறியிட்டுவிட்டு ஞானதுரை சாரை அழைத்தேன். பதினொரு வருடம் எனக்குத் தலைமையாசிரியராக இருந்தவர், இப்போது ஓய்வில் இருக்கிறார். எனக்குக் காலை, அவருக்குச் சாயங்காலம்.

"என்னவே, அமெரிக்காக்காரரு! இப்பத்தான் ஞாபகம் வந்துதோ?" என்றார். விஷயத்தைச் சொன்னேன்.

"இதுக்கு என்னத்துக்குவே என்னைய கேக்குதீரு? நீரே எழுதி அனுப்பும். கையெழுத்தைப் போட்டுத் தாரேன்."

"அவிய ஒங்களுக்கு ஒரு லிங்க் அனுப்புவாங்க சார். நீங்கதான் உள்ள போயி எழுதணும்."

"அதையும் ஒமக்கே அனுப்பிருதேன். நீரே ரொப்பிக்கிடும். எத்தனை மார்க்கு வேணுமோ போட்டுக்கிடும், நான் என்ன கோவிச்சுக்கிடவா போறேன்? என் பிரிவு உபசார விழாவுல ஒரு பாராட்டுரை வாசிச்சாங்கல்லா, அதை ஆரு எழுதுனதுன்னு நெனைக்கீரு? நாந்தாம்வே எழுதிக் குடுத்தேன்."

சிரித்தார். நானும் சிரித்தேன். அன்று அதில் எனக்கு ஒரு தவறும் தெரியவில்லை. நம் பக்கத்தில் சான்று கேட்கிறவன்தான் சான்றை எழுதிக்கொண்டு போக வேண்டும். பெரியவர்களுக்கு வேலை வைக்காமல் இருப்பது நல்ல பழக்கம். சனிக்கிழமை காலையில், சார் எனக்கே திருப்பி அனுப்பிய லிங்க்கில் படிவத்தைத் திறந்து, ஞானதுரை சாராக உட்கார்ந்து, என்னை மதிப்பிடத் தொடங்கினேன். பொறுமை: மிகச் சிறப்பு. விமரிசனத்தை ஏற்கும் பக்குவம்: மிகச் சிறப்பு. காபி கொண்டுவந்த ஜெயசீலி திரையை எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, ஒங்களுக்கு நீங்களே நல்ல பேரு குடுத்துக்கிடுதீங்களா?"

"சார் சொல்லித்தான் எழுதுதேன்."

"நல்லாருக்கு. காய்ச்சக்காரனே சார்ட்ல டெம்பரேச்சரை எழுதிக்கிட்ட கதையால்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கடைசிக் கேள்வி இதுதான்: 'விண்ணப்பதாரர் நடத்தி நீங்கள் நேரில் பார்த்த ஒரு பாடத்தை விவரிக்கவும்.' எட்டாம் வகுப்பு, பின்னங்கள் என்று தட்டிவிட்டு நின்றேன். ஞானதுரை சார் என் வகுப்புக்குள் என்றைக்கு வந்தார்? யோசித்தேன். வந்ததில்லை. ஒரு நாளும் வந்ததில்லை. வருகைப் பதிவேடு வாங்க ஆள் அனுப்புவார். சத்தம் கேட்டால் வராந்தாவில் நின்று தொண்டையைச் செருமுவார். அவ்வளவுதான். பாடத்தை நானே கற்பனை செய்து பதினைந்து வரி எழுதினேன். மிக நன்றாக வந்தது. சமர்ப்பிக்கும் பொத்தானை மட்டும் திங்கட்கிழமைக்கு விட்டுவைத்தேன், ஒருமுறை பிழை திருத்துவதற்காக.

திங்கட்கிழமை செய்ததை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. லிண்டாவுக்கும் வேலை வைக்கக் கூடாது என்று, அவர் பெயரில் ஒன்றரைப் பக்கம் கடிதம் அடித்து, கையெழுத்துக்கு இரண்டு விரல் இடம் விட்டு, பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஒரு பேனாவையும் செருகி, இடைவேளையில் நீட்டினேன். அவர் உட்கார்ந்து முழுவதும் படித்தார்.

"நல்ல கடிதம். யார் எழுதியது?"

"நீங்கள்" என்றேன்.

"நான் எழுதவில்லையே."

"கையெழுத்துப் போட்டுவிட்டால் நீங்கள் எழுதியதாகிவிடும். உங்கள் நேரம் வீணாகக் கூடாது என்றுதான்."

நான் கேலி செய்கிறேனா என்று முதலில் பார்த்தார். இல்லை என்று தெரிந்ததும், சாப்பாட்டுத் தட்டில் முடி கிடந்தால் பார்ப்பதுபோல அந்தத் தாளைப் பார்த்தார். பேனாவை எடுத்து உறைக்கு வெளியே வைத்தார். "இதில் இருக்கிற மனிதரை எனக்குத் தெரியாது. நீங்கள் பொறுமைசாலி என்று எழுதியிருக்கிறது. நீங்கள் பொறுமைசாலி இல்லை. பிள்ளை தடுமாறினால் அவன் கையிலிருக்கும் பென்சிலைப் பிடுங்கி நீங்களே கணக்கை முடிக்கிறீர்கள். நான் பார்த்திருக்கிறேன். ஆனால் மறுநாள் காலையில் அதே பிள்ளையிடம் போய், நேற்று நான் அவசரப்பட்டேன், நீ எப்படிச் செய்திருப்பாய் என்று கேட்கிறீர்கள். அதையும் பார்த்திருக்கிறேன். எழுதினால் இரண்டையும் எழுதுவேன்." எழுந்து கதவு வரை போனவர் திரும்பி நின்று, "இன்னொரு கடிதத்தையும் நீங்களே எழுதியிருந்தால், தயவுசெய்து அதை என்னிடம் சொல்லாதீர்கள். சொன்னால் நான் பல்கலைக்கழகத்துக்குச் சொல்ல வேண்டியிருக்கும்" என்றார்.

அந்த நாள் முழுவதும் எனக்கு லிண்டா மேல்தான் கோபம். பெரிய யோக்கியர்கள், கஷ்டத்தை விலைக்குக் கேட்கிறவர்கள் என்று டைரியில் எழுதினேன். எழுதி முடித்தபோது, என் கையெழுத்தையே வெறித்துக்கொண்டிருந்தேன். இதே கையெழுத்தில்தான் பதினான்கு வருடம் அந்தப் பள்ளியின் சான்றுகள் எல்லாம் எழுதப்பட்டன. அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவேன் என்பதால் எல்லாவற்றையும் என்னிடம் கொடுத்துவிடுவார்கள். பி.எட். படிக்கிறவர்கள் எங்கள் பள்ளிக்கு நாற்பது நாள் கற்பித்தல் பயிற்சிக்கு வர வேண்டும். முக்கால்வாசிப் பேர் முதல் நாளும் கடைசி நாளும் மட்டும் வருவார்கள். முதல் நாள் குழுப் படம், கடைசி நாள் இனிப்பு. இடைப்பட்ட நாட்களில் அவர்கள் எடுத்த பாடங்களுக்கு நான் மதிப்பீடு எழுதுவேன், சார் முத்திரை குத்துவார். 'பாடப்பொருளில் ஆழ்ந்த புலமை உடையவர். மாணவர்களை அன்புடன் அணுகுபவர்.' எல்லாருக்கும் அதே இரண்டு வரி.

ஒருத்தி மட்டும் நாற்பது நாளும் வந்தாள். செல்வராணி என்று பெயர், இடைசெவல் பக்கத்துப் பெண். இரண்டு பஸ் மாறி வருவாள். ஐப்பசி மழையில் கரிசல் சகதி செருப்பை இழுக்கும் என்று செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வாசலில் கால் கழுவிவிட்டு உள்ளே வருவாள். விகிதம் நடத்த உளுந்தும் பாசிப்பயறும் ஒரு பையில் கொண்டுவந்து பிள்ளைகளைப் பிரிக்க வைத்தாள் என்று பிள்ளைகள் சொல்லித் தெரியும். நான் போய்ப் பார்க்கவில்லை. அவள் எடுத்த வகுப்பு நேரத்தில், வராதவர்களுக்கு மதிப்பீடு எழுதிக்கொண்டிருந்தேன். கடைசி நாள் என் மேசைக்கு வந்தாள்.

"சார், எல்லாருக்கும் எழுதுன மாதிரியே எனக்கும் எழுதிருக்கீங்க. நான் எடுத்த கிளாஸைப் பத்தி ஒரு வரியாவது எழுதுங்க சார். குறை இருந்தாலும் எழுதுங்க."

"எல்லாருக்கும் இதாம்மா ஃபார்மேட்டு. நல்லதாத்தானே எழுதிருக்கு? கொண்டு போ."

அவள் நின்றாள். பின்பு போனாள். நல்லதாக எழுதியிருக்கும்போது இந்தப் பெண்ணுக்கு என்ன குறை என்று நான் எரிச்சல்பட்டதுகூட நினைவிருக்கிறது. அவள் நாற்பது நாளையும், வராமலே இனிப்புக் கொடுத்தவர்களின் நாற்பது நாளையும் நான் ஒரே மையில் கரைத்தேன். வாட்ஸ்அப் அறிக்கையைப் பார்த்துக் குமட்டியவன் நான். குமட்ட வேண்டிய இடம் வேறு.

செவ்வாய்க்கிழமை காலையில் அந்தப் படிவத்தில் நான் எழுதியிருந்ததை எல்லாம் அழித்துவிட்டு ஞானதுரை சாரை மறுபடி அழைத்தேன். கடைசித் தேதிக்கு மூன்று நாள் இருந்தது.

"சார், நீங்களே எழுதுங்க. நாலு வரி போதும்."

"ஏம்வே, நான் மாட்டேன்னா சொன்னேன்? ஒம்ம இஷ்டத்துக்கு எழுதிக்கிடும்னுதானே சொன்னேன். அது தப்பாப் போச்சா?"

"என் இஷ்டத்துக்கு வேண்டாம் சார். நெசத்தை எழுதுங்க."

"நெசம்லா கேக்குதீரு" என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிட்டார். கோபம்தான். மறுநாள் அவரே அழைத்தார். பார்க்கும் உரிமையை நான் விட்டுக்கொடுத்துவிட்டேன், சொல்லாதீர்கள் சார் என்றேன். "நீரு பாக்க வேண்டாம், காதால கேளும். எம்மவ இங்கிலீஷ்ல மாத்தி அனுப்பிட்டா" என்று வாசித்துவிட்டார்.

"'எங்கிட்ட பதினோரு வருசம் வேலை பாத்தாரு. ஒரு நாளும் பிந்தி வந்ததில்ல. பதிவேடு எழுதுனா ஒரு அடித்தல் இருக்காது. அவரு பாடம் நடத்தி நான் பாத்ததில்ல.' அம்புட்டுதான். நாலு வரி கேட்டீரு, நாலு வரி." பிறகு குரல் தாழ்ந்தது. "ஆரு பாடம் நடத்தியும் நான் பாத்ததில்லவே. எழுத உக்காந்த பொறவுதான் தெரியுது."

லிண்டாவும் தன் கடிதத்தைத் தானே எழுதி அனுப்பினார். விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. கூப்பிட மாட்டார்கள் என்றே நினைத்தேன். கூப்பிட்டார்கள். நேர்காணலில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் அந்த நான்கு வரியைக் கையில் வைத்திருந்தார். "பதினான்கு ஆண்டுகள் நீங்கள் பாடம் நடத்தியதை யார் பார்த்தது?" என்று கேட்டார். எங்கள் ஊரில் தலைமையாசிரியர்களுக்கு வேலை அதிகம் என்று ஒரு பதில் நாக்கில் தயாராக இருந்தது. அதை விழுங்கிவிட்டு, "யாரும் பார்க்கவில்லை. நானும் யாரையும் பார்க்கவில்லை" என்றேன். அவர் குறித்துக்கொண்டார். பிறகு, பத்து நிமிடம் எங்களுக்கு ஒரு பாடம் நடத்துங்கள், பக்கத்து அறைக்குப் போய் உட்காருகிறோம், சற்றுக் கழித்து வாருங்கள் என்றார்கள்.

நேர்காணல் முடிந்த வாரம் வெள்ளிக்கிழமை பதில் வந்தது. சேர்த்துக்கொள்கிறார்கள். ஆனால் ஊரில் வேலை பார்த்த பதினான்கு ஆண்டுகளுக்குக் கொடுக்கும் சலுகை எதுவும் எனக்கு இல்லை. எவரும் கண்ணால் பார்த்ததாகச் சான்று இல்லாததால் அந்த ஆண்டுகள் கணக்கில் வராது. முதல் பருவம் முழுக்க, பயிற்சிக்காக நான் எடுக்கும் வகுப்பில் ஒருவர் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார். ஜெயசீலி படித்துவிட்டு, "இடம் கெடச்சிட்டுல்லா, பொறவு எதுக்கு மூஞ்சை இப்படி வச்சிருக்கீங்க?" என்றாள். நான் நினைத்துக்கொண்டிருந்தது நேர்காணலன்று பாடம் நடத்தப் போன பக்கத்து அறையை. கதவைத் திறந்து உள்ளே நுழைந்தேன். சாக்பீஸை எடுத்தேன். எதிரே மூன்று பேர் காலை நீட்டிச் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார்கள். என் வாய், என்னைக் கேட்காமல், வலது கையைத் தாழ்த்திக்கொண்டே, "சிட் டவுன்" என்றது. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, நல்ல நகைச்சுவை என்று சிரித்தார்கள். எழுந்திருக்காதவர்களை உட்காரச் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடங்கினேன். கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு வகுப்பு முழுவதும் எழுந்து நிற்கிறது. அதை உட்காரச் சொல்ல நான் அங்கே இல்லை.