மனுவில் அடிக்காமல் விட்ட சொல்

நாமக்கல் தாலுகா கச்சேரிக்கு எதிரே மனு எழுதிப் பிழைத்தவன் நான். என் மூலதனம் ஒரே ஓர் ஆங்கில வினைச்சொல்: பிசீச் (beseech). பாதிரிமார் ஜெபத்தில் ஆண்டவரை நோக்கிச் சொல்வது. அகராதியில் 'இறைஞ்சுதல்' என்று போட்டிருக்கும். கடவுளிடம் செய்வதை நாங்கள் கலெக்டரிடம் செய்தோம். அந்தச் சொல் இல்லாத மனு குப்பைக்குத்தான் போகும் என்பது எங்கள் தொழிலில் வேதவாக்கு. யார் சோதித்துப் பார்த்தார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.

மதுவிலக்கு வந்த புதிதில் மோகனூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தாள். திருட்டுத்தனமாகக் கள் இறக்கியதற்காக அவள் மகன் சேலம் ஜெயிலில் இருந்தான். ரத்தபேதி கண்டு படுத்துவிட்டானாம். அவனை வீட்டுக்கு அனுப்பச் சொல்லி மனுப் போட வேண்டும். எழுதி முடித்து, வரிக்கு வரி தமிழில் சொன்னேன். "தங்கள் பாதத்தில் இறைஞ்சுகிறேன்" என்ற இடத்தில், ரேகை வைக்க நீட்டிய கட்டைவிரலை மடக்கிக்கொண்டாள். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு இருந்தது.

"அந்த வார்த்தைய அடிச்சுப்போடுங்க சாமி. பையனுக்காவ மாரியாயிக்குக் காப்புக் கட்டியிருக்கறனுங்க. இத அவுக்கற வரைக்கும் அவளத் தவர வேற ஆரையும் கும்புடக் கூடாதுங்க. எங்கூட்டு வழக்கம். கேக்கறேன்னு எழுதுங்க, கும்புடறேன்னு வேண்டாமுங்க."

எனக்கு எரிச்சல் வந்தது. மகன் சாகக் கிடக்கிறான், இவள் சாத்திரம் பேசுகிறாள். பிசீச்சைத் தொடாமல், ஒன்றுக்கும் உதவாத வேறொரு சொல்லை அவள் கண்ணெதிரே அடித்துக் காட்டினேன். முகம் தெளிந்து ரேகை வைத்தாள். நல்லதற்குத்தான் செய்தேன் என்று இன்றைக்கும் வாதாடுவேன், இரண்டு நிமிஷத்துக்கு.

மனுவுக்குப் பதிலே வரவில்லை. பையன் ஜெயிலிலேயே செத்துப்போனான்.

சில வாரம் கழித்து அவள் மறுபடி வந்து என் முன்னால் உட்கார்ந்தாள்.

"நான் எங்கீங்க தப்புப் பண்ணுனேன்? காப்பச் சுத்தமாத்தானுங்க காத்தேன். பையனப் பாக்க உடச்சொல்லி ஜெயிலு வாசல்ல வார்டர ஒருக்கா கையெடுத்துக் கும்புட்டுட்டேன். அதுனாலதானுங்களா, சாமி?"

எனக்கு மாரியம்மன் மேல் நம்பிக்கை கிடையாது. அதெல்லாம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். நடந்ததைச் சொல்லியிருக்கலாம். அடுத்தபடி மனுவைப் பற்றிக் கேட்டுவிடுவாளோ என்று பயந்தேன்.

"இருக்கும் ஆத்தா" என்றேன்.

வார்டரைக் கும்பிட்ட அந்தக் கைகளைத் தரையில் மோதி மோதி அழுதாள். பாவி நான், தடுக்கக்கூட இல்லை.