உலைக்கு எதிரே ஒரு ஸ்டூல்

எங்க அண்ணிக்கு வேலை பாக்குற இடத்துல வச்ச பேரு ஆணியம்மா. பழைய வெள்ளியை உருக்கிச் சுத்தம் பண்ற பட்டறை அது. உலைக்கு முன்னால ஸ்டூலைப் போட்டு உக்காந்தாங்கன்னா ஆணி அடிச்ச மாதிரிதான். வெள்ளி வச்ச கிண்ணம் உள்ள போயிட்டா, அது வெளிய வர்ற வரைக்கும் எந்திரிக்க மாட்டாங்க. போன் அடிக்கட்டும், முதலாளி கூப்பிடட்டும், நான் வாசல்ல நின்னு தொண்டை கிழியக் கத்தட்டும், ம்ஹும். "இரும்மா, வெள்ளி உள்ள இருக்கு"ன்னு திரும்பாமலே சொல்லுவாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

அந்த ஆணியம்மாவைக் கட்டிக்கிட்ட எங்க அண்ணன் ஆலயத்துல வேலை பாத்தாரு. கதவு திறக்கணும், பெஞ்சு துடைக்கணும், மெழுகுவத்தி ஏத்தணும், அணைக்கணும். ஒரு சாயங்காலம் ஆலயத்தை ஒட்டின அறையில ஒரே ஒரு மெழுகுவத்தியை அணைக்க மறந்துட்டு வீட்டுக்கு வந்துட்டாரு. அறை எரிஞ்சு போச்சு. நல்லவேளை, ஆளுக்கு ஒண்ணும் ஆகல. போதகரோட அங்கியும் பாட்டுப் புத்தகமும் சாம்பலாச்சு. திருவிருந்துல திராட்சை ரசம் ஊத்திக் கொடுக்குற வெள்ளிப் பாத்திரம், பக்கத்துல இருந்த பித்தளை விளக்குத்தண்டோட சேர்ந்து உருகி, கரிக்கட்டி மாதிரி கிடந்துச்சு.

யாரும் அண்ணனைத் திட்டல. போதகர் கட்டிப்பிடிச்சு, "விடுங்க, மனுஷன் மறக்குறதுதான்"னாரு. கேட்டாத்தானே! "கர்த்தரோட கோபம் என் மேல இறங்கிடுச்சு"ன்னு சாவியைக் கொடுத்துட்டு வந்து, சுவரைப் பாத்து உக்காந்தவருதான். ஆலயத்துக்கு இழுத்துட்டுப் போனாலும் கடைசி பெஞ்சு. திருவிருந்துக்கு எந்திரிக்கவே மாட்டாரு. சாப்பாடு ரெண்டு வாய்க்கு மேல இறங்காது. நோய் எதுவும் இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆனா சட்டை தோள்ல நிக்காம வழிஞ்சுது. இப்படியே போனா ஆளையே பறிகொடுத்துடுவோம்னு பயந்தேன்.

"நாலு சத்தம் போட்டு எழுப்பி விடுங்க அண்ணி"ன்னு நான் குதிப்பேன். அவங்க வேலை முடிஞ்சு வந்ததும் அவர் பக்கத்துல நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்துடுவாங்க. ஆறிப்போன சாப்பாட்டை மறுபடி சூடு பண்ணி வைப்பாங்க. அவரைப் பேசச் சொல்லித் தொந்தரவு பண்ண மாட்டாங்க. அந்தப் பொறுமை எனக்குத் தலைகீழா நின்னாலும் வராது.

ஒரு ஞாயித்துக்கிழமை போதகர், கர்த்தர் வெள்ளியை நெருப்புல புடம் போட்டுச் சுத்தம் பண்றவர் மாதிரின்னு பிரசங்கம் பண்ணினாரு. அண்ணன் காதுல நெருப்பு மட்டும்தான் விழுந்துச்சு. வெளிய வந்து, "என்னைத்தான் சொல்றாரு. நான் எரிய வேண்டியவன்"னு முணுமுணுத்தாரு. அண்ணி நேரா போதகர்கிட்ட போய் அந்தக் கரிக்கட்டியைக் கேட்டு வாங்கிப் பையில போட்டுக்கிட்டாங்க.

மறுநாள், "தோள் வலிக்குதுங்க, கேஸ் குழாயைத் திருக ஆள் வேணும், கூட வாங்க"ன்னு அண்ணனைப் பட்டறைக்குக் கூப்பிட்டாங்க. தோளாவது வலியாவது! கேஸ் சிலிண்டரை ஒத்தையா தூக்குற தோள் அது. வேடிக்கை பாக்க நானும் தொத்திக்கிட்டேன்.

கரிக்கட்டியோட ஈயத்தையும் சேர்த்து, எலும்புச் சாம்பல்ல செஞ்ச கிண்ணத்துல வச்சு உலைக்குள்ள தள்ளினாங்க. ஈயம் உருகி அழுக்கை எல்லாம் இழுத்துக்கும், அதைக் கிண்ணம் குடிச்சிடும், வெள்ளி மட்டும் மேல நிக்கும். அதான் கணக்கு. அண்ணி ஸ்டூல்ல உக்காந்து உலையோட சின்ன ஓட்டை வழியா பாத்துக்கிட்டே இருந்தாங்க. முகமெல்லாம் வேர்வை.

கட்டி உருகிக் கறுப்பா நுரைச்சுது. அதைப் பாத்ததும் அண்ணனுக்கு என்ன தோணுச்சோ, கேஸை முழுசாத் திறந்து விட்டுட்டாரு. "எரியட்டும், இன்னும் நல்லா எரியட்டும்"னு பல்லைக் கடிச்சாரு.

அண்ணி வெடுக்குனு அவர் கையைப் பிடிச்சுக் குழாயைக் குறைச்சாங்க. அப்படி ஒரு கோபத்தை அவங்க முகத்துல நான் பாத்ததே இல்ல.

"என்னங்க பண்றீங்க? சூடு ஏறினா வெள்ளியும் சேர்ந்து கிண்ணத்துக்குள்ள போயிடும்! இதுக்குத் தண்டனை கொடுக்கவா இங்க உக்காந்திருக்கேன்? வேண்டாம்னா கரிக்கட்டியாவே குப்பையில போட்டிருப்பேனே!"

"கோபம்னு ஒண்ணு இல்லவே இல்லைங்கிறியா?" அண்ணன் அவங்க பக்கம் திரும்பினாரு.

"இருக்குங்க, யார் இல்லைன்னா? அந்தக் கறுப்பு மேல இருக்கு. அது போற வரைக்கும் விட மாட்டேன். ஆனா வெள்ளி மேல இல்ல. அதனாலதான் கண்ணை எடுக்காம பாக்குறேன்."

அண்ணன் குழாய்ல இருந்து கையை எடுத்தாரு. அப்புறம் குழந்தை மாதிரி, "எந்திரிக்கவே மாட்டியா?"ன்னு கேட்டாரு.

"இத்தனை மாசம் நீங்க சுவரைப் பாத்துக்கிட்டு இருந்தீங்களே, நான் எங்கயாவது எந்திரிச்சுப் போனேனா? புடம் போடுறவர் பக்கத்துலயே உக்காந்திருப்பார்னும்தான் போதகர் சொன்னாரு. அது காதுல விழலையா?"

அண்ணன் ஓட்டை வழியா குனிஞ்சு பாத்தாரு. உருகினது மேல கலர் கலரா ஒரு ஏடு ஓடிக்கிட்டிருந்துச்சாம். சட்டுனு அது விலகி, உள்ள பளிச்சுனு ஒரு மின்னல். "அவ்ளோதான், மெதுவாக் குறைங்க"ன்னாங்க அண்ணி. ஒரேயடியா ஆறவச்சா வெள்ளி வெடிச்சுத் துப்பிடுமாம். அண்ணன் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாத் திருகினாரு.

அந்த வெள்ளியில தட்டான் புதுப் பாத்திரம் செஞ்சு கொடுத்தாரு. அடுத்த திருவிருந்துக்கு நாங்க எல்லாரும் முன்னால போனோம். அண்ணன் மட்டும் அதே கடைசி பெஞ்சு. எனக்கு ஆத்திரமான ஆத்திரம்! இவ்வளவு பண்ணியுமான்னு திரும்பிப் பாத்தா, அண்ணியும் வரிசையில இல்ல. அவர் பக்கத்துல போய் உக்காந்திருந்தாங்க.

"நீ போ"ங்கிற மாதிரி அண்ணன் கையைக் காட்டினாரு. அண்ணி நகரல. எல்லாரும் வாங்கி முடிச்சாச்சு. போதகரும் பாத்திரத்தைக் கீழ வைக்காம அப்படியே நின்னாரு.

அண்ணன் பெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு மெல்ல எந்திரிச்சாரு. அதுக்கப்புறம்தான் எங்க அண்ணி எந்திரிச்சாங்க.