குப்பி வரிசையில் உட்கார்ந்தபடியே போன கம்பவுண்டர் ஈசாக்கு

பழவங்காடிப் பிள்ளையார் முன்னால் தேங்காய் உடைக்கக் கை ஓங்கி நின்றபோதுதான் செய்தி வந்தது. ஜட்கா வண்டிக்காரன் மைதீன் வண்டியை நடுத்தெருவிலேயே விட்டுவிட்டு ஓடி வந்தான். "அண்ணாச்சி, நம்ம கம்பவுண்டர் சாரு மரிச்சுப்போச்சு. தர்மாஸ்பத்திரி வராந்தாவில, வரிசையில இருந்த இருப்பிலேயே போச்சு" என்றான். ஓங்கிய கையிலிருந்து தேங்காய் நழுவி என் கால்மேலேயே விழுந்தது. அந்த வலி எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

ஈசாக்கின் சபையார் அவர் நினைவாக அச்சிடும் தாளுக்கு நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். நான் நாலு வரியில் நிற்கிறவன் இல்லை என்பது தம்பானூரில் எல்லாருக்கும் தெரியும். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன்தான். ஆனாலும் தெற்கே நாகர்கோவிலிலிருந்து வடக்கே கொல்லம் வரைக்கும் சோடாக்கடை சுடலைமுத்து என்றால் ஒரு மரியாதை உண்டு. என் சோடாவைத் திறந்தால் சத்தம் ரயிலடி வரைக்கும் கேட்கும். அந்தக் கடை தர்மாஸ்பத்திரிக்கு நேர் எதிரே இருப்பதால், ஈசாக்கு அங்கே வேலை பார்த்த இருபது வருஷத்தையும் கண்ணால் பார்த்த சாட்சி நான் ஒருவன்தான்.

நீங்கள் எல்லாரும் அந்த வராந்தாவில் குப்பி வைத்தவர்கள்தான். மிக்சர் வாங்கக் காலிக் குப்பியை நாமே கொண்டுபோக வேண்டும். கொண்டுபோன குப்பியைத் திண்டின்மேல் வரிசையாக வைத்துவிட்டால் அதுதான் நம்முடைய இடம். ஒருவர் குப்பியின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருப்பார், இன்னொருவர் தக்கைக்குப் பதில் வேப்பங்குச்சி செருகியிருப்பார். குப்பி வெயிலில் நிற்கும். ஆள் மரத்தடியில் கிடக்கும். எட்டு மணிக்கு டாக்டர் பார்ப்பார் என்று பலகையில் எழுதியிருக்கும். அவர் வருவது பத்தரைக்கு. பதினொன்றரைக்கு எழுந்துவிடுவார். அதற்குள் ஆயிரம் பேரைப் பார்த்தாக வேண்டும். சரி, ஆயிரம் இல்லையென்றாலும் நூறுக்குக் குறையாது. ஒருநாள் நான் கடையில் நின்று கணக்குப் பார்த்தேன். நான் ஒரு சோடாவைத் திறந்து குடித்து ஏப்பம் விடுவதற்குள் ஐந்து பேர் உள்ளே போய் வெளியே வந்துவிட்டார்கள். இதற்கு வைத்தியம் என்று பெயர்!

நெய்யாற்றின்கரையிலிருந்து ஒரு கிழவர் நடந்தே வந்தார். கணுக்காலில் புண், அழுக்குத் துணியால் சுற்றியிருந்தார். மூன்று மணி நேரம் காத்திருந்து உள்ளே போனார். டாக்டர் தலையைத் தூக்காமலே "நாக்கு" என்றார். கிழவர் நாக்கை நீட்டினார். "அடுத்த ஆள்" என்றார் டாக்டர். வயிற்று மிக்சருக்குச் சீட்டு வந்தது. மருந்து கொடுக்கிற சன்னலுக்குக் கிழவர் வந்தபோது ஈசாக்கு சீட்டைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், காலைப் பார்த்தார்.

"பாட்டா, காலில என்ன கெட்டு?"

"புண்ணு சாமி. ஒரு மாசமாட்டு இருக்கு."

"டாக்டர்கிட்ட சொல்லலியா?"

"அவரு நாக்கைத்தானே கேட்டாரு. காலைக் கேக்கல்லியே."

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஈசாக்கு சிரிக்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, கிழவரைப் படியில் உட்கார்த்தி, துணியை நனைத்து நனைத்துப் பிரித்துக் கழுவி, மருந்து வைத்துக் கட்டினார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தபோது அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "ஆளு சொல்லி முடிக்கது வரைக்கும் மருந்து காத்திருக்கும். மருந்துக்கு வேற சோலி கிடையாது."

இனி என் வீட்டுக் கதை. இதைப் பேச்சியம்மாள் முன்னால் சொல்ல எனக்கு இன்றும் கூச்சம். அவள் என் மனைவி. ஒரு மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரி வாசல் சேவகன் கேசவன் என் கடையில் சோடா குடிக்கிறவன். "அண்ணாச்சிக்கு எந்தினா கஷ்டப்பாடு? குப்பியை இங்கோட்டுத் தா. ஞான் முன்னால வச்சுத் தரும்" என்றான். அப்படியே செய்தான். டாக்டரும் அவசரத்தில் குப்பியோடு நான் வைத்த, அவளுடைய போன வருஷத்துக் காய்ச்சல் சீட்டிலேயே கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். ஊரே மரத்தடியில் கிடக்க, என் மனைவியின் குப்பி முதல் ஆளாக உள்ளே போய் முதல் ஆளாக வெளியே வரும். எனக்கு அதில் என்ன பெருமை தெரியுமா! "எங்க வீட்டுக் குப்பிக்கு இருக்கிற செல்வாக்கு பெரிய உத்தியோகஸ்தன் குப்பிக்கு இல்லை" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். ஒன்பது நாள் குப்பி போய் வந்தது. பேச்சியம்மாள் வீட்டில் பாயோடு கிடந்தாள். ஒரு டாக்டரும் அவளைக் கண்ணால் பார்க்கவில்லை. அது ஒரு தப்பு என்று என் மண்டையில் ஏறவில்லை. குப்பிதான் போகிறதே!

பத்தாம் நாள் குப்பியோடு நானே சன்னலுக்குப் போனேன். ஈசாக்கு அதைக் கையில் வாங்கி, நிரப்பாமல் திருப்பித் தந்தார்.

"ஆளு எங்க அண்ணாச்சி?"

"வீட்டில கிடக்கா. குப்பி வந்திருக்கில்லா?"

"குப்பிக்குக் காய்ச்சல் வராது. அக்காவைக் கொண்டுவாங்க."

"வே, என்னைப் பத்து பேர் முன்னால வச்சு அவமானப்படுத்துதீரா?"

"அவமானம் அப்புறம். இப்பம் வண்டி பிடிங்க."

நான் என்னென்ன கத்தினேன் என்பதை அச்சில் போட முடியாது. ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்தபிறகு கால் தானாக மைதீன் வண்டிக்குப் போனது. பேச்சியம்மாளைத் தூக்கிக்கொண்டு வந்து இறக்கியபோது மணி பதினொன்றரை. டாக்டர் தொப்பியை வைத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார். "நாளைக்கு" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு எத்தனை பேர் பலியானார்களோ!

ஈசாக்கு ஓணான் மாதிரி மெலிந்த ஆள். அவர் போய் அந்த வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். குரலை உயர்த்தவில்லை. "சார், மிக்சர் வேண்டாம். சீட்டும் வேண்டாம். இந்த அம்மா வயிற்றில ஒருதரம் கை வச்சுப் பாருங்க. அவ்வளவுதான்" என்றார். டாக்டரின் முகம் சிவந்தது. கேசவன் ஈசாக்கின் தோளைப் பிடித்து இழுத்தான். அந்தக் கேசவனை நான் ஒரு கையால் தூக்கி அப்பால் வைத்தேன். (பேச்சியம்மாள், நான் சும்மா நின்று அழுதேன் என்கிறாள். காய்ச்சலில் கிடந்தவளுக்கு என்ன தெரியும்?) கடைசியில் டாக்டர் கை வைத்தார். வைத்த கையை உடனே எடுக்கவில்லை. உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றினார். குடல் காய்ச்சல் முற்றிவிட்டது, இன்னும் ஒரு நாள் போயிருந்தால் நம் கையில் இல்லை என்று சொல்லி, அப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். நாற்பது நாள் படுக்கையில் கிடந்து பேச்சியம்மாள் எழுந்து வந்தாள். இன்று நான் சொல்வதற்கெல்லாம் மறுப்புச் சொல்லிக்கொண்டு திடமாக இருக்கிறாள்.

ஒரு உயிரைக் காப்பாற்றியதற்கு ஈசாக்குக்குச் சர்க்கார் என்ன கொடுத்தது தெரியுமா? மேலதிகாரியின் வழியை மறித்த குற்றத்துக்காகக் கழக்கூட்டத்துக்கு மாற்றம். தென்னந்தோப்பும் வயலும் நரியும்தான் அங்கே. நான் கொதித்துப்போய் மனு எழுதுகிறேன் என்று கிளம்பினேன். "விடுங்க அண்ணாச்சி. அங்கயும் ஆட்களுக்குக் காய்ச்சல் வரும்லா" என்று படுக்கையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். வேலையிலிருந்து விடுபட்ட பிறகும் அங்கேயே இருந்துவிட்டார்.

அவர் போன அன்று காலை நான் அவரைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதுதான் என்னைத் தின்கிறது. முதல் பஸ்ஸில் வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். குப்பியைத் திண்டில் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, குப்பிக்குப் பதில் தானே வரிசையில் இருந்தார். முகம் வெளுத்திருந்தது. கடையை விட்டு ஓடினேன்.

"என்ன வே, இங்க வந்து இருக்கீரு?"

"நெஞ்சில ஒரு பிடுத்தம். காட்டிட்டுப் போலாம்னு வந்தேன்."

"இருபது வருஷம் இருந்த இடம்லா! எழும்பும். நேரே உள்ள போவோம். கேசவன் கிட்ட நான் சொல்லுதேன்."

"எனக்கு முன்னால நூறு ஆளு இருக்கு. அந்தா அந்தப் பிள்ளைக்காரிக்கு ராத்திரி முழுக்க உறக்கமில்ல. நான் எப்படிப் போவேன்? நீங்க கோயிலுக்குப் போய்ட்டு வாங்க."

கேசவனுக்கும் வயதாகிவிட்டது. அவனே வந்து, "சாரே, வாங்கோ, ஒண்ணு முன்னால வந்து நிக்கலாமல்லோ" என்று கெஞ்சினான். ஈசாக்கு தலையை ஆட்டினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்படியானா இரும்" என்று சொல்லிவிட்டு, சந்தை வேலையை முடித்துக்கொண்டு உச்சிப் பூஜைக்குப் பழவங்காடிக்கு நடந்தேன். ஊரில் யாருக்கு எந்தக் காரியமானாலும் கழுத்தில் துண்டைப் போட்டு இழுத்துக்கொண்டுபோய் முடித்துக்கொடுக்கிற நான், இந்த ஒரு மனிதனை மட்டும் இழுக்காமல் விட்டேன்.

டாக்டர் அன்றும் பத்தரைக்குத்தான் வந்தார். பதினொன்றரைக்கு எழுந்தார். இது புதிய டாக்டர். நேரம் மட்டும் பழைய நேரம். ஈசாக்குக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். மீதிப்பேர் நாளைக்கு வரவேண்டும் என்று உத்தரவாயிற்று. எல்லாரும் அவரவர் குப்பியை எடுத்துக்கொண்டு கலைந்தார்கள். ஈசாக்கு மட்டும் சுவரில் சாய்ந்தபடி இருந்தார். உறங்குகிறார் என்று நினைத்து, விளக்குமாற்றால் வராந்தாவைத் தூத்தவள் அவரைச் சுற்றித் தூத்திவிட்டுப் போனாளாம்.

மறுநாள் காலை, அவரை அடக்கம் செய்யப் போவதற்கு முன், நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் அறைக்குள் நேரே போய் அவர் மேஜைமுன் நின்றேன்.

"நேற்று உங்க வராந்தாவில ஒருத்தர் செத்தாரே, அவரை எவ்வளவு நேரம் பாத்தீங்க சார்?"

அவர் தலை நிமிர்ந்தார். "நான் அந்த ஆளைப் பார்க்கவே இல்லையே" என்றார்.

"அதைத்தான் சார் நானும் கேக்கேன்."

நான் இன்னும் பத்துக் கேள்வி கொண்டுபோயிருந்தேன். அதற்குள் எனக்குப் பின்னாலிருந்து ஒரு பெண், மடியில் பிள்ளையோடு, "அண்ணாச்சி, ஒண்ணு தள்ளி நிப்பியளா? நேரம் போகுது. பதினொன்றரைக்கு எழும்பிடுவாரு" என்றாள். அவள்மேல் என்ன குற்றம்? அவளுக்கு அவள் பிள்ளை. நான் விலகி வெளியே வந்தேன்.

ஈசாக்கு கோபப்பட்டு நானோ நீங்களோ பார்த்ததில்லை. அதனால் அவருக்குக் கோபமே வராது என்று சபையில் ஒருவர் பேசினார். ஐயா, இருபது வருஷம் அந்தச் சன்னலுக்குப் பின்னால் நின்று இத்தனையும் பார்த்த மனிதனுக்குக் கோபம் வராமலா இருந்திருக்கும்? சன்னலுக்கு வந்தவர்கள்மேல் அது தெறித்துவிடக் கூடாது என்று உள்ளே பூட்டி வைத்திருந்தார். நெஞ்சில் பிடித்தது அதுதான் என்று எந்த டாக்டரிடமும் அடித்துச் சொல்வேன். அவருடைய வேதப்புத்தகத்தையும் கண்ணாடியையும் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கோபத்தை நான் எடுத்துக்கொண்டேன். அவரைவிட எனக்குக் குரல் பெரிது. அந்த டாக்டர் அறை வரைக்கும் கேட்கும்.