மாற்று வேட்பாளர்

என் அப்பா முப்பது வருடம் ஒரே கட்சியில் இருந்தார். ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தது அவர் மனு கொடுத்துத்தான். மழைவெள்ளம் வீட்டுக்குள் புகுந்தபோது படகு வந்ததும் அவர் அலைந்துதான். ஆனால் ஒவ்வொரு தேர்தலிலும் வேறு யாருக்காவது சீட் கொடுத்துவிட்டு, "அடுத்த வாட்டி உனக்குத்தான்" என்று தோளில் தட்டிவிட்டுப் போவார்கள். மறுநாள் காலை அந்த ஆளுக்காகவே இவர் கைகூப்பிக்கொண்டு வீடு வீடாக ஏறுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அறுபத்தெட்டு வயதில் ஒருவழியாகக் கவுன்சிலர் சீட் கிடைத்தது. அதையும் இழுத்தடித்து, மனுத்தாக்கலின் கடைசி நாளுக்கு முந்தின மாலைதான் அறிவித்தார்கள். அப்பா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, துடைக்காமலே உட்கார்ந்திருந்தார்.

மனுக்களை எழுதியது நான். தனியார் பள்ளி டீச்சர், கையெழுத்து நன்றாக இருக்கும், அதுதான் தகுதி. ஒன்று அப்பாவுடையது. இன்னொன்று மாற்று வேட்பாளராக என்னுடையது. அசல் மனு தள்ளுபடியானால் சின்னம் கைவிட்டுப் போகாமலிருக்க, வீட்டு ஆள் ஒருவரை இப்படிப் பெயருக்கு நிறுத்துவது வழக்கம். அசல் மனு ஏற்கப்பட்டதும் இதற்கு வேலையில்லை.

ஒவ்வொரு மனுவையும் அதே வார்டு வாக்காளர் ஒருவர் முன்மொழிய வேண்டும். எனக்குப் பக்கத்து வீட்டு அக்கா. அப்பாவுக்கு எதிர்வீட்டுக்காரர், கட்சியில் சேர்ந்த நாளிலிருந்து கூடவே இருப்பவர்.

"அவன் கையெழுத்து இல்லாம இன்னா மனு?" என்றார் அப்பா. பிறகு, "வார்டுலாம் புச்சா பிரிச்சிக்கீறாங்க. லிஸ்ட்ட நல்லா பாத்து எழுதும்மா" என்றார்.

பார்த்தேன். புது லிஸ்ட்டில் அக்கா இருந்தாள், எதிர்வீட்டுக்காரர் இல்லை. ஜெராக்ஸில் ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்து, பழைய லிஸ்ட்டிலிருந்து அவருடைய எண்ணை எழுதிவிட்டேன். எதிர்வீடு வேறு வார்டுக்குப் போயிருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? இந்தக் கேள்வியை இன்றுவரை எனக்கு நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பரிசீலனையன்று அதிகாரி லிஸ்ட்டைப் புரட்டிப் பார்த்தார். புது வார்டு எல்லை எங்கள் தெருவின் நடுவே போயிருந்தது. எதிர்வீட்டுக்காரர் அடுத்த வார்டு; அப்பாவின் மனு தள்ளுபடி.

"வேற ஆள் கையெழுத்து இப்பவே வாங்கியாறேன் சார்" என்று அப்பா கெஞ்சினார்.

"டைம் நேத்தோட முடிஞ்சிடுச்சுங்க."

"தப்பு என்னோடது சார், அவருக்கு ஒண்ணும் தெரியாது" என்று நான் அழுதேன். அதிகாரி என்னை உட்காரச் சொல்லிவிட்டு அடுத்த மனுவை எடுத்தார். என்னுடையது. ஏற்கப்பட்டது.

வாபஸ் வாங்கிவிடுகிறேன் என்று அன்றே அப்பாவின் காலைப் பிடித்தேன். "நில்லு. சின்னம் போய்டக்கூடாது" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். கோவிலம்பாக்கத்திலிருந்து சொந்தக்காரர்களையெல்லாம் வரவழைத்து, பதினைந்து நாள் எனக்கு முன்னால் நடந்து, எனக்காகக் கைகூப்பினார். நான் ஜெயித்தேன். மாலையைப் போட்டதும் அவர்தான்.

பிறகு பேச்சு கிளம்பியது. அக்காவின் எண் மட்டும் எப்படிச் சரியாக இருந்ததாம்? பொண்ணு கெட்டிக்காரி, அப்பன் தலையிலேயே கல்லைப் போட்டுட்டா. டீக்கடையில் பேசியதை எதிர்வீட்டுக்காரரே வந்து சொன்னார். அப்பா சிரித்துவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினார்.

போன மாதம், நான் கூட்டத்துக்குக் கிளம்பும்போது செருப்பு மாட்டுமிடத்தில் வந்து நின்றார்.

"ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத. நீ வேணும்னு எழுதலையே?"

"இல்லப்பா" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? காட்ட என்னிடம் என்ன இருக்கிறது?

"எங்க வூட்டு வோட்டு எல்லாம் உங்களுக்குத்தாண்ணா" என்று வருகிற எல்லாக் கட்சிக்காரர்களிடமும் வாசலில் நின்று சொல்கிறவர்களைப் பார்த்து வழக்கமாகத் தலையாட்டுவார். அதே மாதிரி எனக்கும் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.