மருந்து சிந்தினால் அடிக்கும் மணி

எழுபதுகளில் எனக்கும் என் தங்கைக்கும் இடுக்கி மலையில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஓர் ஏலத்தோட்டத்தில் வேலை. காலையில் மணி அடித்ததும் பேர் கொடுக்கப் பெரட்டுக்களத்தில் கூடுவோம். பூச்சிமருந்து டிரம்களை வைக்கும் ஷெட்டும் அந்தக் களத்தை ஒட்டியே இருந்தது. விஷத்தின் வாசலில் ஆளை நிறுத்திப் பேர் கூப்பிட ஒரு தனி மூளை வேண்டும். எங்கள் மேனேஜருக்கு அது நிறையவே இருந்தது.

மருந்து சிந்தினால் என்ன செய்வது என்று திட்டம் போட ஆபீசில் கூட்டம் நடந்தது. மேனேஜர், கிளார்க், பஞ்சாயத்து மெம்பர், பெண்கள் சார்பில் நான். சாயாவும் பரிப்புவடையும் தின்று முடித்து, பெரட்டு மணியை அடித்தால் எல்லோரும் விலகி ஓட வேண்டும் என்று எழுதினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மணி கேட்டா நாங்க களத்துக்குத்தான சார் ஓடியாருவோம்? விசில் ஊதுங்க, வேற எதாச்சும் வைங்க."

"மணி உண்டல்லோ, அது மதி," என்றார் மேனேஜர். இருக்கிற மணியே போதுமாம்.

கிளார்க் பேப்பரை என் பக்கம் தள்ளினான். "நீ பெரிய இஞ்சினியரு! ஒப்பு போடும்மா."

மெம்பர் வாய் நிறைய வடையோடு சிரித்தார். கையெழுத்தைப் போட்டுத் தொலைத்தேன்.

பிறகு, தூறல் பிடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மணி அடித்தது. காய் பறிக்கும் காலத்தில் ஞாயிறு மணி என்றால் கூடுதல் வேலை. முந்தி வருகிறவர்களுக்குத்தான் கிடைக்கும். கூட்டம், திட்டம் எதுவும் என் மண்டையில் வரவில்லை. தங்கை ஆறு மாத வயிற்றோடு எங்கள் லயத்து வீட்டில் தலைவாரிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு வேண்டாங்க்கா, இடுப்பு வலிக்கு."

"ஓடுடி, பெறகு எடம் கெடைக்காது. நான் அடுப்ப அணைச்சிட்டு வாரேன்."

நான் போனபோது களத்தில் மழைத்தண்ணீர் பால்போல வெளுத்து ஓடியது. ஜீப்பிலிருந்து இறக்கும்போது டிரம் உடைந்திருந்தது. வெறுங்காலோடு முப்பது பேர் அதில் நின்று, பேர் கூப்பிடக் காத்திருந்தார்கள். கிளார்க் மேட்டில் நின்று இன்னும் மணியை அடித்துக்கொண்டிருந்தான். "மருந்துடீ, ஓடுங்க!" என்று நான் கத்தியபிறகுதான் கலைந்தார்கள். தங்கை ஓடவில்லை. வாயில் நுரையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அவள் பிழைத்தாள். வயிற்றில் இருந்தது பிழைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்த மேனேஜர், "திட்டப்படி மணி அடிச்சல்லோ," என்றார். அந்த ஆள் நாசமாய்ப் போகட்டும் என்று இன்றும் சொல்வேன்.

தங்கை அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் போனதும் என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"மணி எதுக்குன்னு ஒனக்குத் தெரியும்லக்கா?"