பத்தொன்பது என்று எழுதிய கை

அவனைத் தூக்கிலிட நாள் குறித்துவிட்டார்கள் என்று அவன் அக்கா வந்து சொன்னபோது, நான் முதலில் தடவிப் பார்த்தது என் கழுத்தைத்தான்.

அந்த அம்மா எங்கள் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவர். தூத்துக்குடிப் பக்கம். தைத்து வரும் துணியில் குற்றம் கண்டால் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவார். பல வருடங்களுக்கு முன் தம்பியை இங்கே வேலைக்குக் கூட்டி வந்தவரும் அவர்தான். ஆள் எடுக்கிற சூப்பர்வைசர் நான். பையனுக்குப் பதினேழு என்று தெரியும். ஷிப்மெண்ட் கழுத்தை நெரித்தது. வேலைக்குச் சேர்க்கும் கார்டில் வயது பத்தொன்பது என்று எழுதி உள்ளே விட்டேன்.

நான்கே மாதத்தில், பதினெட்டு நிறையும் முன்பே, அவன் ஒரு வீட்டில் திருடப் புகுந்து இரண்டு உயிரைப் பறித்தான். அதை அக்காவும் மறுத்ததில்லை. பதினெட்டு நிறையாதவனுக்குத் தூக்கு கிடையாது. ஆனால் அவன் படித்த பள்ளியை மூடிவிட்டிருந்தார்கள். வயதுக்கு ஆதாரமாகக் கோர்ட்டில் இருந்த ஒரே காகிதம் நான் எழுதிய கார்டு. கருணை மனுவும் தள்ளுபடியான பிறகு, பக்கத்து ஊர்ப் பள்ளியின் இரும்புப் பெட்டியிலிருந்து, மூடிய பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தேடிப் பிடித்துவிட்டார் அந்த அம்மா. இப்போது கார்டு பொய் என்று எழுதியவனே சொல்ல வேண்டும். கடைசி மனு அன்று சாயங்காலத்துக்குள் டெல்லி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போக வேண்டும்.

பல்லடத்தில் வக்கீல் ஆபீஸில் உட்கார்ந்ததும் எனக்கு எத்தனை வருஷம் கிடைக்கும் என்று கேட்டேன்.

"உங்களுக்குத் தூக்கெல்லாம் இல்லீங்க" என்றார் வக்கீல். "கேஸ் வேணா வரலாமுங்க."

மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தேன். என் முகத்தைப் பார்த்து இரங்கியோ என்னவோ, 'தவறுதலாக எழுதிவிட்டேன்' என்று டைப் அடித்துக் கொடுத்தார். எவ்வளவு அழகான வார்த்தை! பேனாவைத் திறந்துவிட்டேன்.

அந்த அம்மா காகிதத்தை வாங்கி, சட்டையின் தையலைப் பார்ப்பது போல வரிவரியாக விரல் ஓட்டினார். பையிலிருந்து ஸ்டிக்கர் தாளை எடுத்து, 'தவறுதலாக' என்பதற்கு நேராக ஓர் அம்பு ஒட்டினார்.

"தவறுதலான்னு சொன்னா, பள்ளிக்கூடத்துலயும் தவறுதலா எழுதியிருக்கலாம்லான்னு கேப்பாவ அண்ணாச்சி. தெரிஞ்சேதான எழுதுனிய?"

வக்கீல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்.

"பயமா இருக்குதுங்கம்மா" என்றேன்.

"இருக்கத்தான் செய்யும். பயந்துக்கிட்டே போடுங்க."

'தெரிந்தே' என்று மாற்றி அடித்தார்கள். முதல் கையெழுத்து ஓவர்லாக் மிஷினில் நூல் அறுந்தது போல இழுத்துக்கொண்டு போனது. நோட்டரி மறுபடி போடச் சொன்னார். மூன்றாவதுதான் என்னுடையது மாதிரி இருந்தது.

தூக்குக்கு இரண்டு நாள் முன்பு, கம்பெனியில் காலை டீ நேரத்தில் வக்கீலிடமிருந்து போன் வந்தது. வயதை முதலில் விசாரிக்க வேண்டும், அதுவரை நிறுத்தி வையுங்கள் என்று உத்தரவு. அந்த அம்மா கையிலிருந்த டி-ஷர்ட்டை முழுக்கப் பார்த்து, மடித்து வைத்துவிட்டு, அப்புறம்தான் தரையில் உட்கார்ந்தார்.

அம்பு ஒட்டிய அந்தப் பழைய தாளைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். முப்பது வருடமாக என்னென்னவோ காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவது இதை மட்டும்தான். என்னைத் தேடி இன்னும் போலீஸ் வரவில்லை. துண்டும் பிரஷர் மாத்திரையும் வைத்துக் கட்டிய பை கதவோரம் அப்படியே இருக்கிறது.